தமிழய்யா நெஞ்சில் ஏற்றிய பாட்டு

திருப்பாதிரிப்புலியூரில் நம்மோடு படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை நினைவிருக்கும். தமிழய்யா புத்தகத்தைத் தொடமாட்டார். மேசையில் விரலால் தாளம் தட்டி, ‘சொற்றுணை வேதியன் சோதி வானவன்’ என்று எடுத்துக்கொடுப்பார். சீர் பிசகினால் முதலிலிருந்து பாட வேண்டும்.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் இதைப் பாடிக் கரைசேர்ந்தது நம் ஊரில்தான் என்பதும், கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அய்யாவோ கதையை நாவுக்கரசர் பிறந்த திருவாமூரிலிருந்து தொடங்குவார். தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் போனார். அக்கா திலகவதியாருக்குப் பேசி முடித்திருந்த கலிப்பகையார் போரில் மடிந்தார். உயிரைவிடத் துணிந்த அக்கா, தம்பிக்காக இருந்துவிட்டார். “இத்தனையும் பட்டவர் பாடியது. கவனித்துப் பாடு” என்பார் அய்யா. (மஞ்சக்குப்பத்து நண்பன் ஒருவன் பதிலுக்கு 23ஆம் சங்கீதத்தை எனக்குச் சொல்லித் தந்தான். அதுவும் இன்றுவரை மறக்கவில்லை.)

2004 டிசம்பர் 26 காலையில் கடல் தேவனாம்பட்டினத்துக்குள் புகுந்தது. நம் வகுப்புத் தோழன் மகளைப் பறிகொடுத்தான். பொங்கலையொட்டி நான் ஊருக்குப் போனபோது, தற்காலிகக் கொட்டகை வாசலில் வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருந்தான். ஓய்வுபெற்றுவிட்ட அய்யாவும் வந்திருந்தார். கடல் பிள்ளையைக் கொண்டுபோன வீட்டில், கடலிலிருந்து மீண்டவர் கதையை அவர் எடுக்கவில்லை. ஆறுதல் என்று எதையும் சொல்லவுமில்லை. அவன் பக்கத்தில் மணலிலேயே அமர்ந்தார். நெடுநேரம் கழித்து, நம் ஊர்ப் பதிகம் இன்னொன்றைத் தணிந்த குரலில் தொடங்கினார்: ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்...’ கடைசி அடி வந்தபோது தோழனின் உதடும் அசைந்தது: ‘தோன்றாத் துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே’. பிறகு வாய்விட்டு அழுதான். அன்றுவரை அவன் அழவே இல்லை என்று அவன் மனைவி சொன்னார்.

சில ஆண்டுகளுக்குப் பின் என் அம்மா தவறிய செய்தி டொராண்டோவில் எனக்கு வந்தது. பனிப்புயலால் விமானம் தாமதமாகிக்கொண்டே போனது. திருமுறைப் புத்தகம் வீட்டு அலமாரியில் இருந்தது. கையில் இருந்திருந்தாலும் ஒரு வரி கண்ணில் நின்றிருக்காது. வகுப்பில் பாடிய அந்த ‘ஈன்றாளுமாய்’ தானாக வாயில் வந்தது. துக்கம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு சந்தம் கிடைத்தது. விடியும்வரை அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனப்பாடம் பிள்ளைகளின் அறிவை மழுக்கும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடி விழுந்த நாளில் புத்தகத்தைத் தேடிப் பிரிக்க எவராலும் முடியாது. முன்பே நெஞ்சில் ஏறியிருப்பதுதான் அப்போது வாய்க்கு வரும். ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: இங்கே நம் பிள்ளைகளுக்கு நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்த இரண்டு பாடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் முழுதாக விளங்க நாளாகட்டும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.