நெல் போட்ட இடத்தில் சுருள்பாசி

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாற்றுப் பாசனத்தில் ஒருபோகப் பகுதி. கால்வாயில் தண்ணீர் விட்டால் நெல், இல்லாவிட்டால் தரிசு. அடுத்தடுத்து இரண்டு வருடம் நாற்றங்கால் கருகியதைப் பார்த்த பிறகு, வீட்டை ஒட்டிய 4 சென்ட்டில் மட்டும் நெல்லை விட்டுவிட்டு, சுருள்பாசி வளர்க்க மூன்று தொட்டி கட்டினேன். ஸ்பைருலினா என்பார்களே, காயவைத்துச் சத்துணவாகச் சாப்பிடும் பாசி, அதுதான்.

"தொட்டியில பாசி பிடிச்சா வழிச்சுப் போடுவோம். நீ அத வளக்கிறேங்கிறியே தாயி" என்றார் அப்பா.

ஒவ்வொரு தொட்டியும் 20க்கு 10 அடி. தண்ணீர் ஒரு சாண் ஆழம்தான். சமையல் சோடா, உப்பு, இன்னும் சில சத்து உப்புகளைக் கரைத்து, விதை மாதிரி கொஞ்சம் தாய்ப்பாசியை விட வேண்டும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 10ஐ ஒட்டி நிற்க வேண்டும். அந்தக் காரத்தில் மற்ற பாசிகள் அவ்வளவாகத் தலையெடுக்காது. பகலில் அடிக்கடி துடைப்பத்தால் கலக்கிவிடுவேன். விட்டால் மேலே மிதப்பது வெயிலில் வெளிறிவிடும்.

அறுவடை விடியற்காலையில். குச்சி நுனியில் கட்டிய வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்குவேன். 3 செ.மீ. போவதற்குள் தட்டு கண்ணுக்கு மறைந்தால் அன்றைக்கு எடுக்கலாம். வடிகட்டிய தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடும். துணியில் தங்குவது அரைத்த மருதாணி மாதிரி ஒரு கரும்பச்சை விழுது. அதைக் கழுவி, பிழிந்து, முறுக்குக் குழலில் போட்டு இடியாப்பம்போல் துணிமேல் இழை இழையாகப் பிழிந்து காயவைப்பேன். ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூன்று தொட்டியும் நன்றாக இருக்கும் நாளில் 400 கிராம் தேறும். அதில் பாதிக்கு மேல் புரதம்.

வளர்ப்பது கஷ்டமில்லை, விற்பதுதான் கஷ்டம். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. இதற்கு யார் இருக்கிறார்கள்? முதல் வருடம் ஒரு வியாபாரி 12 கிலோ எடுத்துப்போனார், பாதிப் பணம்தான் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் தொட்டிப் பக்கம் போகவே மனசு வரவில்லை. அதனால் இப்போது யாராவது, "வயலை மாத்திடலாமாக்கா?" என்று கேட்டால், வாங்குகிற ஆளைப் பிடித்துவிட்டு அப்புறம் செங்கல் இறக்கச் சொல்கிறேன். இருக்கிற வயல் முழுவதையும் மாற்ற வேண்டாம் என்றும் சொல்கிறேன். நாங்களே மீதி நிலத்தில் தண்ணீர் வந்தால் நெல்தான் போடுகிறோம்.

போன வாரம் ராத்திரி திடீர் மழை. மழைத்தண்ணீர் விழுந்தால் காரம் இறங்கிவிடும். நான் எழுந்து ஓடுவதற்குள் அப்பா டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு தொட்டிக்குத் தார்ப்பாய் இழுத்திருந்தார்.

கையில் 4 கிலோ இருக்கிறது. கடலைமிட்டாய் போடும் அக்கா ஒருவர் சேர்த்துப் பார்க்க ஒரு கிலோ கேட்டிருக்கிறார். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.