யாரைப் பார்த்து வரைந்தார்? நெட் தேர்வுக்கு ஓவிய வரலாறு படித்த விதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் (UGC NET) தேர்வில் விஷுவல் ஆர்ட் (காட்சிக் கலை) பாடம் எழுத நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். படத்தையும் ஓவியரையும் பொருத்தச் சொல்வார்கள், கால வரிசைப்படுத்தச் சொல்வார்கள். ஆண்டுகளை மட்டும் உருப்போட்டால் தேர்வறையில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு ஓவியரும் யாரைப் பார்த்து வரைந்தார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். நான் தேறியது அப்படித்தான்.

நோட்டின் இடது பக்கத்தில் பழைய படம், வலது பக்கத்தில் அதிலிருந்து பிறந்த புதிய படம். பென்சிலில் சின்னதாக நீங்களே வரைய வேண்டும். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 1857 மரச்செதுக்கு அச்சுப் படத்தில் பாலத்தின் மேல் மழை மெல்லிய நேர்கோடுகளாக இறங்கும். வான் கோ 1887-இல் அதையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஆற்று நீரில் தூரிகைத் தடம் தடிமனாகத் தெரியும். சுற்றிலும் ஜப்பானிய எழுத்துகளால் ஒரு சட்டமும் போட்டார். இரண்டையும் கையால் வரைந்தவருக்கு முப்பது ஆண்டு இடைவெளி மறக்கவே மறக்காது.

இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘உர்பினோ வீனஸ்’ படத்தில் படுத்திருக்கும் பெண்ணின் காலடியில் நாய் தூங்கும். அதைப் பார்த்து 1863-இல் மானே வரைந்த ‘ஒலிம்பியா’வின் காலடியில் கறுப்புப் பூனை நிற்கும். வெலாஸ்கெஸ் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை வரைந்தது 1656-இல். அதை வைத்து பிக்காசோ ஒரு தொடரே வரைந்தது 1957-இல்.

நம் பக்கத்து ஓவியர்களிடம் அதிக நேரம் செலவிடுங்கள். ரவிவர்மா எண்ணெய் வண்ண நுட்பத்தைப் பிடித்துக்கொண்டதில், 1868-இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் தீட்டுவதைப் பார்த்ததற்குப் பெரிய பங்கு உண்டு. பாரிஸில் படித்த அம்ரிதா ஷெர்கில் அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் பார்த்தார். அந்தப் பயணத்தை ஒட்டி 1937-இல் வந்தவைதான் ‘பிரம்மச்சாரிகள்’ உள்ளிட்ட மூன்று தென்னிந்தியப் படங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1966-இல் சென்னை அருகே சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கியவர். 1963 வாக்கில் அவர் ஆரம்பித்த ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்களின் சாயல் இருக்கும்; அதனால் நோட்டின் இடது பக்கத்தில் எங்கள் வீட்டு ஜாதகக் கட்டத்தையே வரைந்து வைத்தேன். மலையாளம் தெரிந்த நம் ஊர்க்காரர் அந்தப் படங்களை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார், ஆனால் படிக்க வராது. எழுத்தைப் போலத் தோன்றும் கோடுகள் அவை. அப்படியொரு துணிச்சல் வேறு யாரிடமும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. குறிப்புகளைத் தமிழில் எழுதினாலும் ஓவியர், படப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எழுதிப் பழகுங்கள். கேள்வித்தாள் தமிழில் வராது. முடிந்தால் ஒருமுறை திருவனந்தபுரம் போய்வாருங்கள். ரவிவர்மா படங்கள் இருக்கும் ராஜா ரவிவர்மா கலைக்கூடமும் பணிக்கர் காட்சிக்கூடமும் ஒரே மியூசியம் வளாகத்தில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள்.