மாமா போன பிறகு கடையைக் கைமாற்றிய கதை

திருச்சி பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் தாய்மாமா பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். தனிநபர் கடை. சட்டத்தின் கண்ணில் கடையும் அவரும் ஒன்றுதான். மாரடைப்பில் அவர் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தபோது ஜிஎஸ்டி பதிவு, கரண்ட் அக்கவுண்ட், கொடுத்து வைத்த செக்குகள் எல்லாம் ஒரே நாளில் அந்தரத்தில் நின்றன. அத்தையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது நான். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும்.

மாமா ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பில் உறுப்பினர். அதன் உள்ளூர் கிளையை லாட்ஜ் என்பார்கள். மாதம் ஒரு சாயங்காலம் கறுப்பு கோட் போட்டு, சின்னப் பெட்டியோடு கிளம்பிவிடுவார். "அங்க என்னதான் பண்றீங்க?" என்று அத்தை கேட்டால், "சாப்பிடுவோம், தர்மத்துக்குப் பணம் போடுவோம்" என்பார். கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒரே மேஜையில் இருக்கும், உள்ளே மதச் சண்டையும் அரசியலும் பேசக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 18ஆம் நூற்றாண்டிலேயே திருச்சியில்தான் இதில் சேர்ந்தார் என்று பெருமையடிப்பார். ஓயாமாரி மயானத்துக்கு லாட்ஜ்காரர்கள் வந்தார்கள். சடங்கு ஏதும் செய்யவில்லை. மாலை போடலாமா என்று கேட்டுவிட்டுப் போட்டு, வரிசையாக நின்றார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் நடந்த மரணம் என்றால் 21 நாளுக்குள் நாம்தான் பதிய வேண்டும். வழக்கமாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று, மயான ரசீது, ஆதார் நகல் கொடுத்தோம். சான்றிதழை ஆன்லைனில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் இதில் சிரமமில்லை.

வாரிசுச் சான்றிதழில்தான் பஞ்சாயத்து. இ-சேவையில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து, தாசில்தார் கையெழுத்துப் போடுவார். "மனைவி, ரெண்டு பொண்ணுங்க போதும், கிழவியை எதுக்கு இழுக்குறீங்க?" என்றார் விண்ணப்பம் நிரப்பித் தந்தவர். அந்தக் கிழவி என் அம்மாச்சி. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் தாயும் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமான முதல் வகுப்பு வாரிசு. பல வீடுகளில் இது தெரிவதில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்துவிடுகிறார்கள். அம்மாச்சி பெயரையும் சேர்த்தே போட்டோம். விஏஓ வந்தபோது அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து, மகன் பிறந்த நட்சத்திரம் வரை சொல்லிக்கொண்டிருந்தது.

வங்கிக்குத் தகவல் போனதும் மாமா கையெழுத்திட்ட செக் எதுவும் பாஸாகாது. அதனால் செக்புக் அடிக்கட்டையைப் பார்த்து, கம்பெனி ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் முதலில் போன் போட்டோம். கல்லாமேல் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தோம். இல்லையென்றால் வாடிக்கையாளர் பணம் அந்தக் கணக்கிலேயே போய் மாட்டிக்கொள்ளும். நாமினி அத்தைதான். ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைக்கிறவரே தவிர அதற்கு முழுச் சொந்தக்காரர் இல்லை. பெண்கள் இருவருக்கும் அம்மாச்சிக்கும் அதை அப்போதே சொல்லிவிட்டோம்.

முக்கியமானது ஜிஎஸ்டி. "பழைய நம்பரை அவசரப்பட்டு கேன்சல் பண்ணிடாதீங்க" என்றார் ஆடிட்டர். கடையைத் தொடர்வதென்றால் அத்தை தன் பான் எண்ணில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் உரிமையாளர் இறப்பைக் காட்ட வேண்டும். அதற்கு 30 நாள்தான். வாரிசுச் சான்றுக்குக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும் என்று மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதங்களோடு விண்ணப்பித்தார். சான்று வந்ததும் சேர்த்துக் கொடுத்தோம். பிறகு பழைய பதிவில் மிச்சமிருந்த உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டியதை) ஐடிசி-02 படிவத்தில், ஆடிட்டர் சான்றோடு புதிய பதிவுக்கு மாற்றினார். இதை முடித்துவிட்டுத்தான் பழைய பதிவை ரத்து செய்ய வேண்டும். அதன் பின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன். வரவு மட்டுமல்ல, பழைய வரிப் பாக்கி இருந்தால் அதுவும் கடையை எடுத்து நடத்துகிறவர் தலையில்தான்.

இதற்கெல்லாம் ஓடிபி போவது மாமாவின் நம்பருக்கு. ஜிஎஸ்டி அலுவலகத்தில் மனு கொடுத்து அத்தையின் நம்பரை ஏற்றும்வரை அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து வைத்திருந்தோம்.

இடையில் லாட்ஜிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாமாதான் அங்கே பொருளாளராம், எங்களுக்கே அப்போதுதான் தெரியும். லாட்ஜ் கணக்கில் கையெழுத்து மாற்ற இறப்புச் சான்று நகல் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தால் வெள்ளை ஏப்ரன், கையுறை, சாவி வடிவப் பதக்கம் தொங்கும் பட்டை. பட்டை லாட்ஜுக்குச் சொந்தம், வாங்கிக்கொண்டார்கள். அவர் வைத்திருந்த லாட்ஜ் வரவு செலவு நோட்டு பைசா சுத்தம். கடையின் கடன் நோட்டு அப்படியில்லை. பாதிப் பேரின் பெயரே இல்லாமல் 'மஞ்சள் வீடு', 'ஸ்கூல் பெயின்டர்' என்றுதான் எழுதியிருந்தார்.

வருமான வரியில் ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு மாமாவின் பான் எண்ணிலேயே ரிட்டர்ன் போட வேண்டும். அத்தையைச் சட்டப்படியான பிரதிநிதியாகப் போர்ட்டலில் பதிந்து, அதையும் முடித்தாயிற்று. கடைக்கு வர வேண்டிய கடனில், பெயின்டர்கள் சிலர் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். மிச்சத்தைக் கேட்க அத்தைக்கு மனசில்லை. ஆடிட்டர் விடுவதாக இல்லை. மஞ்சள் வீடு யாருடையது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.