தண்ணீர் ஏறுகிறது, சொல்லிவிடு தம்பி

"ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லிவிடு தம்பி. நான் சொன்னால் கிழவி பயப்படுகிறாள் என்பார்கள். நீ சொன்னால் எழுந்து போவார்கள்."

2018 ஆகஸ்ட் மழையில், மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆபீஸ் போனிலிருந்து அந்த அம்மா பேசினார். நான் நடத்தும் வானொலி நிகழ்ச்சியில் வாரம் தவறாமல் பாட்டு கேட்கிற நேயர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடை கலங்கி ஏறுகிறது என்றார். மாவட்ட நிர்வாகத்திலிருந்து அறிவிப்பு வராமல் நான் சொல்லக் கூடாது அம்மா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள், எல்லோருக்கும் போய்விடும்" என்றும் சொன்னேன்.

"டவர் இருந்தால் நான் ஏன் நனைந்துகொண்டு ஆபீஸ் வரைக்கும் வருகிறேன்?"

தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். கிடைக்கவில்லை. அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

நான் செய்தது தவறு என்று இன்றும் முழுதாகச் சொல்ல மாட்டேன். 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் ஷட்டர்களைத் திறந்திருந்த நேரம் அது. முல்லைப் பெரியாறு உடைந்துவிட்டது என்று கையில் இருந்த போனெல்லாம் வதந்தி. உறுதியாகாததை நாங்கள் சொல்வதில்லை. அதனால்தான் ஒரு லயமே எங்கள் குரலை நம்பி எழுந்து போகும் என்று அந்த அம்மா நினைத்தார். ஆனால் அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்து அவர் என்னிடமே கேட்டபோது, நான் அவரை வேறிடத்துக்கு அனுப்பினேன். இணையம் வந்த பிறகு வானொலி எதற்கு என்று கேட்பவர்களிடம் மணிக்கணக்கில் வாதாடுகிறவன் நான்.

அன்றிரவு ஓடை இறங்கிவிட்டது. இரண்டு வீடுகளின் அடுப்படியில் சேறு, அவ்வளவுதான். அதை வைத்தே இரண்டு வருடம் சமாதானமாக இருந்தேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாறு பக்கத்தில், பெட்டிமுடி எஸ்டேட் லயங்கள் மீது மலை சரிந்தது. மின்சாரம் இல்லை, செல்போன் தொடர்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. 70 பேர். வானொலி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பண்பலை நேர்கோட்டில் போகிற அலை, மலை மறைத்தால் அடுத்த பள்ளத்தில் இரைச்சல்தான். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நாங்கள் ஊருக்குச் சொல்லலாம். எங்களுக்கு யார் சொல்வது? 2018 மழையில் நனைந்து வந்து சொன்னவர் ஒருவர் இருந்தார்.

ஓடைக்கரை லயங்களில் இருப்பவர்கள் இன்றிரவு விழித்திருங்கள் என்று இரண்டு பாட்டுக்கு நடுவே சொல்லியிருக்கலாம். அதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. அது எனக்கு அன்று தோன்றவில்லையா, தோன்றியும் வேலைக்குப் பயந்தேனா?

அந்த 2018 மழைக்கு அடுத்த வாரம் அந்த அம்மா வழக்கம்போல் கூப்பிட்டார். மகள் பெயரையும் பேரன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். ஓடையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர்களைச் சொல்லிப் பாட்டைப் போட்டேன்.