ஏழாவது மாடிக் குறிப்புகள்

அக்டோபர் 15, 2025

உலகக் கை கழுவும் நாளாம் இன்று. பால்வாடியில் ஆயாம்மா ஒரு மக் தண்ணீரை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் சோப்புப் போடச் சொல்லிக் கொடுத்தார். இருபது வினாடி தேய்க்கணும் என்று பாட்டு வேறு. போட்டோ குரூப்பில் வந்தது. இங்கே குழாயில் நேற்றிலிருந்து காற்றுதான்.

பாப்பாவுக்கு மதியத்திலிருந்து பேதி.

அக்டோபர் 16

அத்தை, "பல்லு மொளைக்குது, அதான்" என்கிறார். எதிர்வீட்டு அக்கா தொக்கம், தின்றது தொண்டையில் சிக்கியிருக்கு என்கிறார். மார்க்கெட் பின்னால் ஒரு ஆயா ஊதி எடுக்குமாம். இவர் ஒன்றும் சொல்லாமல் டூட்டிக்குப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 17, விடிகாலை

தூக்கமில்லை. ராத்திரி மெடிக்கலில் ஓஆர்எஸ், பேதிக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல், கேட்டால் பெட்டி ஜூஸை நீட்டினார். "ஆப்பிள் டேஸ்ட்டுமா, புள்ள நல்லா குடிக்கும்." அந்த மாதிரி சர்க்கரைத் தண்ணீருக்கு இனி ஓஆர்எஸ் என்று பேர் போடக்கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்போதுதான் உத்தரவு போட்டிருக்கிறது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. கடைக்காரருக்கு இருக்கிற ஸ்டாக் போகணும். பவுடர் பாக்கெட்தான் வேணும் என்று நின்று வாங்கி வந்தேன்.

பாக்கெட்டின் பின்பக்கம் மனப்பாடமே ஆகிவிட்டது. குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கீழே ஊற்றிவிட வேண்டும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டரைக் கீழே ஊற்றுவதா? ஊற்றத்தான் வேண்டும்.

ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிறேன். கக்கினால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. போனில் படித்தேன்: 1971இல் மேற்கு வங்கத்தில் பங்கான் அகதி முகாமில் காலரா வந்து, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன பிறகு, திலீப் மகலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைத்தான் டிரம்மில் கலந்து சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னாராம். அம்மாக்களை நம்பிய ஒரு டாக்டர்.

உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று வேறு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

அக்டோபர் 17, மாலை

ஒண்ணுக்குப் போனாள்! அழும்போது கண்ணீரும் வருகிறது.

அக்டோபர் 18

நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உடனே படிந்தது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தாதே, சாப்பாட்டையும் நிறுத்தாதே என்றார். (வயிற்றைக் காயப் போடு என்று சொன்ன அத்தை சுவரைப் பார்த்தார்.) அப்புறம் கேள்விகள். பாட்டிலா, கிண்ணமா? குடத்துக்குள்ளே டம்ளரை முக்கி எடுக்கிறீங்களா? காலையில் செய்த கஞ்சியை எத்தனை மணி வரைக்கும் ஊட்டுறீங்க?

ஆறு மணிக்கு நான் கிளம்பணும். அஞ்சுக்குக் கஞ்சி. அத்தை ஊட்டுவது ஒன்பதுக்கு, மிச்சம் ஒரு மணிக்கு. சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாதாம். சோற்றில் ஒரு கிருமியின் விதை கொதித்தாலும் சாகாதாம். வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகிவிட்டால் திரும்பச் சூடு பண்ணியும் பிரயோஜனமில்லை, அதன் விஷம் போகாது. ஆறு மாதத்துக்கு மேல், தாய்ப்பாலோடு வெளிச்சாப்பாடு ஆரம்பிக்கிற வயதில்தான் பேதி அதிகமாம். எல்லாம் சரி, நர்ஸம்மா. ஃபிரிட்ஜ் இல்லை. லிஃப்ட் ஓடாத நாளில் குடம் ஏழு மாடி ஏறி வருகிறது. சிலிண்டர் ஒன்றுதான். சுத்தம் என்றால் என் கையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அவர் மேல் கோபமில்லை. அவரும் ஏழு மாடி ஏறித்தான் வந்தார்.

அக்டோபர் 19

சிங்க் மாத்திரை, ஸ்பூன் தண்ணீரில் கரைத்து. பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்தே ஆகணும். துப்பிவிட்டு என்னையே முறைக்கிறாள்.

அக்டோபர் 20

தீபாவளி. பாப்பாவுக்கு இட்லி, ஆவி பறக்கப் பறக்க. வருகிறவர்கள் எல்லாம் அவள் வாயில் ஒரு விள்ளல் ஸ்வீட் வைக்கப் பார்க்கிறார்கள். நான் பொல்லாத மருமகள் ஆகிவிட்டேன்.

அக்டோபர் 21

குழாயில் தண்ணீர் வந்தது. சாக்கடை வாடை. மழை பெய்தாலே இதுதான். குடத்துக்கு நீளக் காம்பு கரண்டி வாங்கியாச்சு. இந்தத் தண்ணீருக்குக் கரண்டி என்ன, டம்ளர் என்ன.

அக்டோபர் 23

எடை 7 கிலோ 800. போன மாதம் 8 கிலோ 200. வளர்ச்சி அட்டையில் புள்ளி இன்னும் பச்சையில்தான் இருக்கிறது. கோடு இறங்குவதுதான் கவலை என்றார் நர்ஸம்மா. அடிக்கடி பேதி வந்தால் எடையோடு நிற்காது, உயரத்திலும் கை வைத்துவிடுமாம். அந்த வார்த்தையே காதில் நிற்கிறது. இவரோ, "எங்க வீட்டுல எல்லாருமே குள்ளம்தானே" என்கிறார்.

சூப்பர்வைசர் போன். நாளைக்கு வரவில்லையென்றால் வேறு ஆளாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை கேட்காமலே, "கஞ்சிய வேளாவேளைக்கு நானே புதுசா காய்ச்சிக்கிறேன், மாவ மட்டும் அளந்து வெச்சுட்டுப் போ" என்றார். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே.