லயத்தை அளந்தபோது கேட்ட கேள்வி

தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவைத் தனியாகப் பிரித்து ஆவணப்படுத்துவதில் எனக்கு என்றுமே உடன்பாடில்லை. 1869 முதல் பரவிய இலைநோயால் இலங்கையின் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபின் வளர்ந்த மலையக பங்களாக்களில் பல, தோட்டத்தை மேலிருந்து பார்க்கும்படி மேட்டில் அமைந்தவை. உயர்ந்த கூரையும் கணப்பும் விறாந்தையும், வேலையாட்கள் கண்ணில் படாமல் வந்துபோகும் பின்நடையும் யாருடைய உழைப்பில் நின்றன என்பதை, தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயத்தின் வரைபடம் இல்லாமல் எப்படி விளக்குவது? அதனால்தான், பணியை ஒப்படைத்தவர்கள் கேட்காதபோதும், வாதாடி லயத்தையும் அளக்க அனுமதி பெற்றேன்.

ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி இருந்த, காம்பரா எனப்படும் அந்த லய அறையில், விறகுப் புகையேறிக் கறுத்த சுவரோரமாக அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர், முன்பு பங்களாக் குசினியில் வேலை செய்த முதியவர்.

"இதையும் பழைய கட்டடமுன்னு எழுதுவீங்களா சேர்?"

"கட்டாயம் எழுதுவேன் ஐயா."

"அப்ப ஒடைக்க விடுவாங்களா? 7 பேர்ச் காணியில வீடு தாரோம்னு சொல்லியிருக்காங்க."

வரைந்து வைப்பது வேறு, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது வேறு என்று விளக்கினேன். பதில் சரியானதுதான். அவரும் தலையசைத்துவிட்டு நாடாவை அடுத்த மூலைக்கு நகர்த்தினார். ஆனால், காணி உறுதிப் பத்திரத்துக்காகத் தலைமுறைகளாகக் காத்திருக்கும் மக்களுக்கு, தாளில் ஏறும் எந்த எழுத்தும் அச்சம் தருவது இயல்பே என்பதை நான் அப்போது எண்ணவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் அவர்கள் இருந்தது இதே லயங்களில்தான்.

முடிவில், இரண்டின் வரைபடங்களையும் அறிக்கையில் சேர்த்தேன். பேணிக் காக்க வேண்டும் என்ற பரிந்துரையை மட்டும் பங்களாவோடு நிறுத்திக்கொண்டேன். ஒழுகும் தகரக் கூரையின் கீழ் ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்க, அதை மரபுச்சின்னம் என்று போற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதில் இன்றும் உறுதியாகவே இருக்கிறேன். ஆயினும், என் பரிந்துரை அப்படியே நிறைவேறினால், அந்த மலையில் நிலைத்து நிற்கப்போவது துரையின் வீடு மட்டும்தான். நான் எதை எதிர்த்து வாதாடினேனோ அதுவேதான் நடக்கும். ஒரேயொரு காம்பராவையாவது விட்டுவைக்கச் சொல்லியிருக்கலாமோ என்று நினைப்பேன். உடனேயே, அது எந்தக் குடும்பத்தின் காம்பரா என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கும்.