நீதிமொழிகள் 31-ம் ராயபுரத்து ஒண்டுக்குடித்தன வீடும்

அன்னையர் ஞாயிறு வந்துவிட்டால் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல சபைகளில் நீதிமொழிகள் 31 வாசிக்கப்படும். "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்று 10-ம் வசனத்தில் ஆரம்பித்து, சௌந்தரியம் வஞ்சனையுள்ளது என்கிற 30-ம் வசனத்துக்குத் தாவி, தாய்மார்களுக்கு ஆளுக்கொரு பூ கொடுத்து முடித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் வசனங்களை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். அங்கேதான் அந்தப் பெண் வேலை செய்கிறாள். ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள், இருட்டோடே எழுந்து ஆகாரம் கொடுக்கிறாள், வயலை விசாரித்து வாங்குகிறாள், துணி நெய்து வியாபாரிக்கு விற்கிறாள், ஏழைக்குக் கை நீட்டுகிறாள். "தன் வீட்டுக்காரியம் நடக்கும் விதத்தைக் கண்ணோக்கமாயிருக்கிறாள்" என்று 27-ம் வசனம் சொல்கிறது. வேதம் காட்டும் மனைவியும் தாயும் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவள். கீழ்ப்படிதல் என்ற பேரில் கண்ணை மூடிக்கொள்ளும்படி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த அதிகாரம், ஒரு தாய் தன் மகன் லேமுவேலுக்குச் சொன்ன உபதேசமாகத் தொடங்குகிறது. குடிக்காதே என்று 4, 5 வசனங்களிலும், வாய்பேசாதவனுக்காக நீ வாயைத் திற என்று 8, 9 வசனங்களிலும் சொன்ன பிறகுதான் குணசாலியான பெண்ணைப் பற்றிய பகுதி வருகிறது. பெண்பிள்ளைக்கு அடக்கம் சொல்லிக்கொடுக்கும் நாம், ஆண்பிள்ளைக்குத் தெருமுனை டாஸ்மாக்கைப் பற்றி எந்த வயதில் பேசுகிறோம்? மீசை முளைத்தபின் பேசுவது தாமதம். ஏழாம் வகுப்பிலேயே பேசிவிட வேண்டும். தன் தட்டைத் தானே கழுவுவதும் அதற்கு முன்னமே பழகியிருக்க வேண்டும்.

குடும்ப ஜெபத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் தட்டிப்போவது இதுதான். துறைமுகம், கண்டெய்னர் லாரி, மணலி கம்பெனி ஷிப்ட் என்று ஓடும் வீட்டில் "இரவு ஒன்பது மணி ஜெபம்" நிற்காது. அப்பா வருவதற்குள் சின்னது தூங்கியிருக்கும், பெரியது எரிச்சலில் இருக்கும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு ஜெபத்தை முடிச்சுப் போடுங்கள். அடுப்பை அணைத்ததும், தட்டு வைப்பதற்கு முன் என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்குச் சரிப்பட்டு வருகிறது. பசி இருப்பதால் யாரும் இழுக்கவும் மாட்டார்கள்.

பதினைந்து நிமிடம் போதும். ஒரு கீர்த்தனையின் பல்லவியும் இரண்டு சரணமும். பிறகு பத்துப் பன்னிரண்டு வசனம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கினால் நாளுக்குப் பன்னிரண்டு வசனமாக ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடியும். கதை ஓட்டம் இருப்பதால் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள். லேவியராகமத்தில் ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் தமிழ் வேதாகமத்தின் நீளமான சொற்களில் தடுக்கி விழுவார்கள். அதற்காக ஆங்கில வேதாகமத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் ஒரு வசனத்தை உரக்க வாசியுங்கள், பிள்ளை விரலை வைத்துத் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்லட்டும். இப்படியே தினமும் செய்தால் வேகம் தானாக வரும், தமிழ்ப் பாடத்துக்கும் உதவும். மனப்பாடத்துக்குச் சின்னச் சங்கீதமாக எடுங்கள்: 117-ல் இரண்டே வசனம், 133-ல் மூன்று, 100-ல் ஐந்து, 23-ல் ஆறு, 121-ல் எட்டு. எழுதி பீரோ கதவில் ஒட்டிவிட்டால் தலை சீவும்போது கண்ணில் படும்.

கெட்டுப்போகிற இடம் கடைசி ஐந்து நிமிடம். அம்மா கண்ணை மூடுவாள். "ஆண்டவரே, இந்தப் பையன் எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கான், கணக்குல நாப்பது மார்க் எடுத்திருக்கான், அவங்க அப்பாவும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறாரு, நீரே பாத்துக்கொள்ளும்." பேச்சு போவது ஆண்டவருக்கு, அடி விழுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. கொஞ்ச நாளில் அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு வெளியே வேலை வந்துவிடும். பையனுக்கு ஜெபம் என்றாலே திட்டு என்று பதிந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரே விதி வையுங்கள். ஆளுக்கொரு நன்றி, வீட்டில் இன்னொருவருக்காக ஒரு விண்ணப்பம். மற்ற குறைகளையெல்லாம் விடியற்காலையில், தெருக் குழாயில் குடம் வரிசை தொடங்குவதற்கு முன், தனியாக ஆண்டவரிடம் கொட்டலாம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று மத்தேயு 6:6 சொல்கிறது. ஒற்றை அறை வீட்டில் அந்த நேரமே உங்கள் அறைவீடு.

கணவர் வீட்டில் இருக்கும் நாளில் வேதாகமத்தை அவர் கையில் கொடுங்கள். தப்பாக வாசித்தால் பிள்ளைகள் முன் திருத்தாதீர்கள். அவர் இல்லாத நாளில், அல்லது அவர் விசுவாசி இல்லாத வீட்டில், நீங்களே நடத்துங்கள். பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும்.

அடுத்தது பணம். ஆவிக்குரிய பேச்சில் இதைத் தொடமாட்டேன் என்கிறார்கள், ஆனால் வடசென்னையில் கிறிஸ்தவக் குடும்பங்களை உடைப்பதில் தண்டல் என்கிற தினக்கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தாயிரம் தண்டல் என்றால் பிடித்தம் போகக் கையில் 8,500 போல வரும். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக உங்கள் கையில் நிற்கிற பணம் அதில் பாதிதான். நாலாயிரம் சொச்சத்துக்கு மூன்றே மாதத்தில் 1,500 வட்டி. வருடக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறைத் தாண்டும். இருக்கிற கடன்களில் முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான். இதை அடைக்க இன்னொரு தண்டல் எடுப்பதைவிட, ஒரு ஜோடி கம்மலை வங்கியில் அடகு வைப்பது எவ்வளவோ மேல்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மனைவி வாங்கின குழு லோன், மனைவிக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் போட்ட ஜாமீன் கையெழுத்து, இரண்டும் ஒரே நாளில் வெடிக்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சனிக்கிழமை இரவு இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள்: வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி கெடு, எந்த நகை எங்கே இருக்கிறது, மீட்க வேண்டிய நாள். இருவர் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். "அவர் போடச் சொன்னார், போட்டேன்" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்போஸ்தலர் 5-ல் அனனியாவும் மனைவி சப்பீராளும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்தார்கள். சப்பீராளைப் பேதுரு தனியாகத்தான் விசாரித்தார். அனனியா விழுந்து இறந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று அவளிடமே கேட்கப்பட்டது. உண்மை சொல்ல அவளுக்கு இடம் இருந்தது. புருஷனோடு ஒத்துப்போனது அவளைக் காப்பாற்றவில்லை.

காசிமேட்டுக் குடும்பங்களுக்கு வருடக் கணக்கு வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். வருமானம் இல்லாத இரண்டு மாதம் முடிகிற இடத்தில் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். தண்டல்காரர் வாசலுக்கு வருவதும் அப்போதுதான். ஜனவரியிலிருந்து வாராவாரம் ஃபீஸுக்கென்று தனியாக எடுத்து வைத்தால் மட்டுமே அதைத் தாண்ட முடியும்.

காணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் வாக்குப்பண்ணின காணிக்கைக்காகக் கடன் வாங்குவதும், மாமியாரின் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு 7-ல் இயேசுவே கண்டித்திருக்கிறார்.

கீழ்ப்படிதலுக்கு வருவோம். எபேசியர் 5:22-ஐ எடுக்கிறவர்கள் 21-ஐயும் 25-ஐயும் சேர்த்தே எடுக்க வேண்டும். தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லிவிட்டுத்தான் மனைவிகளிடம் பேசுகிறார் பவுல். சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்துவைப் புருஷருக்கு அளவாக வைக்கிறார். நான் கீழ்ப்படிதலை நம்புகிறேன். வீட்டில் இறுதி முடிவு எடுக்கும் பாரத்தை அவர் சுமக்கட்டும், நான்கு பேர் முன்னால் அவரைத் தாழ்த்திப் பேச வேண்டாம், அவர் அம்மாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் குறை சொல்ல வேண்டாம். இவை கடினமானவை, செய்யக் கூடியவையும்கூட.

குடிக்கிற கணவரோடு வாழ்கிற பெண்ணுக்கு 1 சாமுவேல் 25-ஐத்தான் வாசிக்கக் கொடுப்பேன். அபிகாயிலின் புருஷன் நாபால் முரடன். அவன் அவமதித்ததற்குப் பழிவாங்கத் தாவீது நானூறு பேரோடு வருகிறான் என்று தெரிந்ததும் அபிகாயில் இருநூறு அப்பமும், இரண்டு துருத்தி திராட்சரசமும், சமைத்த ஐந்து ஆடும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு புருஷனிடம் சொல்லாமலே புறப்பட்டாள். வீட்டாரின் உயிரைக் காப்பாற்ற அது அவசியமாக இருந்தது. திரும்பி வந்தபோது அவன் வெறித்திருந்தான். பொழுது விடியுமட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. வெறி தெளிந்தபின் நடந்ததை முழுவதும் சொன்னாள். இரவு பதினொரு மணிக்குத் தள்ளாடி வருபவரிடம் வாசலிலேயே கணக்குக் கேட்பதால் எதுவும் மாறாது, அக்கம்பக்கம் கூடுவதுதான் மிச்சம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுங்கள். காலையில், அவர் காபி குடித்த பிறகு, நேற்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பலிக்கவில்லையா? மத்தேயு 18-ன்படி அவர் மதிக்கிற ஒருவர் இருவரை வைத்துப் பேசுங்கள், பிறகு சபை ஐயரிடமோ பாஸ்டரிடமோ போங்கள்.

கை ஓங்கினால் இந்த வரிசை பொருந்தாது. அடி வாங்குவது சிலுவை சுமப்பது ஆகாது. மனைவியைக் கனப்படுத்தாத புருஷனின் ஜெபத்துக்கே தடை வரும் என்று 1 பேதுரு 3:7 சொல்கிறது. அன்றைக்கே பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். 181 பெண்கள் உதவி எண். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தால், நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கும் உத்தரவு கேட்கலாம். பொறுத்துப் போம்மா என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஊழியர் யாராக இருந்தாலும், இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் என்று வாரம் மூன்று நாள் போகிற சகோதரிகளுக்கு ஒன்று. ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பதும் இருவரும் சம்மதித்தே என்று 1 கொரிந்தியர் 7:5 எழுதியிருக்கிறது. கேட்டுவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் தண்ணீர்கூட இல்லாத உபவாசம் எடுக்கவே வேண்டாம்.

"தன் வீட்டாரினிமித்தம் குளிருக்குப் பயப்படாள்" என்கிறது நீதிமொழிகள் 31-ன் 21-ம் வசனம். நமக்குக் குளிர் இல்லை, ஐப்பசி மழை இருக்கிறது. கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கம் கால்வாய் நிரம்பினால் தண்ணீர் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெயும் கலந்து வந்ததை மறக்க முடியாது. செப்டம்பர் முடிவதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, ஞானஸ்நான சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நகைச் சீட்டு எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டுப் பரண்மேல் ஏற்றுங்கள். ஐந்து கிலோ அரிசி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வயதானவர்களுக்குப் பத்து நாள் மாத்திரை இவையும் மேலேயே இருக்கட்டும். தண்ணீர் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறச் சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு சுவரில்தான் முட்டை ஒட்டிவைக்கிறது. தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும்.

தீத்து 2 முதிர்வயதுள்ள பெண்களுக்கும் வேலை கொடுக்கிறது. பாலியப் பெண்களுக்குப் புத்தி சொல்லுங்கள் என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மைக் பிடிப்பது மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது பூண்டுக் குழம்பு ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். குழந்தையைத் தூக்கக் கேட்காமல், கழுவாமல் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள். பால் ஊறவில்லையா என்று மாமியார் முன் கேட்காதீர்கள். ஜெபம் இரண்டு நிமிடம் போதும். பிரசவமான முதல் சில நாள் அழுகை இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டே இருந்தால், தூக்கமே வராமல் குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொன்னால், விசுவாசக் குறைவு என்றோ பிசாசு என்றோ பேசக் கூடாது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்திருந்தபோது, தேவதூதன் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அந்தப் பெண்ணையும் முதலில் சாப்பிட வையுங்கள். மறுநாள் காலை ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.க்குக் கூடவே போங்கள். சீட்டு வாங்கும் வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவள் உட்காரட்டும்.